சேலம், நாமக்கல் மாவட்டப் பள்ளிகளில் சமூக அறிவியல்

சமூக அறிவியல் என்பது வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் ஆகிய நான்கு துறைகளையும் ஒருங்கே கொண்டு தமிழ்நாட்டின் உயர்நிலை வகுப்புகளில் கற்பிக்கப்படும் கட்டாயப் பாடமாகும். காவிரி ஆற்றுக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் இடையே அமைந்துள்ள சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிப் பகுதியில் அரசுப் பள்ளிகள், அரசு உதவி பெறும் பள்ளிகள், மெட்ரிக்குலேசன் பள்ளிகள் ஆகிய அனைத்திலும் பத்தாம் வகுப்பு வரை மாணவர்கள் இப்பாடத்தைக் கற்கின்றனர். பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவைத் தேர்ந்தெடுப்போரின் பாடப்பட்டியலில் இருந்து இது முற்றிலும் நீங்கிவிடுகின்றது. எனவே அவர்களைப் பொறுத்தவரை அரசியலமைப்பு, தேர்தல், வரி, நிலம், நீர் முதலியவற்றை முறையாகக் கற்பதற்குப் பள்ளியில் கிடைக்கும் கடைசி வாய்ப்பு ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளே ஆகும்.

உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்களுக்கும் பெயர்பெற்ற பகுதி என்பதால், சமூக அறிவியல் பாடத்தின் நிலை இங்கு தனியே நோக்கத்தக்கது. இப்பாடத்தில் இடம்பெறும் பல செய்திகள் இதே மண்ணில் நிகழ்ந்தவை என்பதும் குறிப்பிடத்தக்கது.

பெயர்

தமிழ்நாட்டில் இப்பாடம் முற்காலத்தில் சரித்திரம், பூகோளம் எனத் தனித்தனியாக அழைக்கப்பட்டது. பின்னர் சமூகப் பாடம், சமூகக் கல்வி ஆகிய பெயர்களும் வழங்கின. இன்று பாடநூல்களில் சமூக அறிவியல் என்ற பெயரே பயன்படுகின்றது. மாணவர்களின் பேச்சுவழக்கில் இது "சோசியல்" எனப்படுகின்றது.

சமூகவியல் என்பது வேறு துறையாகும். அது சமூக உறவுகளையும் நிறுவனங்களையும் ஆராயும் தனி அறிவுத்துறை. சமூக அறிவியல் என்பதோ பல துறைகளைத் தொகுத்துக் கூறும் பொதுப் பெயர்.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளிகள் உயர்நிலைப் பள்ளிகள் எனவும், பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ளவை மேல்நிலைப் பள்ளிகள் எனவும் அழைக்கப்படுகின்றன.

பாடத்தின் வரலாறு

வரலாற்றையும் புவியியலையும் தனித்தனியாகக் கற்பிக்காமல், குடிமக்களை உருவாக்கும் நோக்குடன் ஒரே பாடமாகக் கற்பிக்கலாம் என்ற கருத்து 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் வலுப்பெற்றது. அங்கு 1916 இல் வெளியான ஒரு கல்விக் குழுவின் அறிக்கை இக்கருத்தைப் பரவலாக்கியது.

விடுதலைக்குப் பின் இந்தியாவில் 1952 இல் இடைநிலைக் கல்விக் குழு அமைக்கப்பட்டது. இதன் தலைவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியார் ஆவார். இக்குழு இடைநிலை வகுப்புகளுக்கான பொதுப் பாடங்களில் ஒன்றாகச் சமூகக் கல்வியைப் பரிந்துரைத்தது. 1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரி கல்விக் குழுவின் பரிந்துரைகளை ஒட்டிப் பத்து ஆண்டுப் பள்ளிக் கல்வி, இரண்டு ஆண்டு மேல்நிலைக் கல்வி, மூன்று ஆண்டுப் பட்டப் படிப்பு என்ற அமைப்பு நாட்டில் படிப்படியாகப் பரவியது.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978 இல் தொடங்கியது. அதற்கு முன் பதினொரு ஆண்டுப் பள்ளிப் படிப்பும், கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பும் இருந்தன. புதிய அமைப்பில் பத்தாம் வகுப்புடன் பொதுக் கல்வி முடிந்து, அதன் பின்னர் மாணவர்கள் பாடப்பிரிவுகளாகப் பிரிந்தனர். சமூக அறிவியல் எல்லோருக்கும் உரிய பாடமாக இருக்கும் காலம் பத்தாம் வகுப்புடன் நின்றுவிடுவதற்கு இதுவே அடிப்படை.

சமச்சீர் கல்வி

நீண்ட காலமாகத் தமிழ்நாட்டில் மாநில வாரியம், மெட்ரிக்குலேசன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு வகைப் பாடத்திட்டங்கள் நடைமுறையில் இருந்தன. ஒரே ஊரில் வெவ்வேறு பள்ளிகளில் படித்த மாணவர்கள் வெவ்வேறு வரலாற்று நூல்களைப் படித்தனர். இந்நிலையை மாற்றுவது குறித்து ஆராய 2006 இல் ச. முத்துக்குமரன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. இதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு சமச்சீர் பள்ளிக் கல்விச் சட்டம் 2010 இல் இயற்றப்பட்டது. 2010-11 கல்வியாண்டில் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளுக்குப் பொதுப் பாடநூல்கள் வழங்கப்பட்டன.

2011 இல் ஆட்சி மாற்றத்திற்குப் பின் இத்திட்டத்தைத் தள்ளிவைக்க முயற்சி மேற்கொள்ளப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் சமச்சீர் கல்வியை அவ்வாண்டே நடைமுறைப்படுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. இதனால் சேலம் நகரின் மெட்ரிக்குலேசன் பள்ளி மாணவரும் கொல்லிமலை அடிவாரத்தின் அரசுப் பள்ளி மாணவரும் பத்தாம் வகுப்பில் ஒரே சமூக அறிவியல் நூலைப் படிக்கும் நிலை உருவானது.

2018 பாடத்திட்டம்

அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருட்டிணன் தலைமையிலான உயர்மட்டக் குழுவின் வழிகாட்டுதலில் புதிய பாடத்திட்டம் உருவாக்கப்பட்டது. 2018-19 கல்வியாண்டில் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்று ஆகிய வகுப்புகளுக்கும், 2019-20 இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கும் புதிய பாடநூல்கள் வந்தன. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் நூல்களை உருவாக்க, தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் அவற்றை வெளியிட்டது. தமிழ், ஆங்கிலம் ஆகிய இரு வழிகளிலும் பாடநூல்கள் கிடைக்கின்றன.

பாடப்பகுதிகள்

ஒன்பதாம் வகுப்பு

2018 இல் வெளிவந்த ஒன்பதாம் வகுப்பு நூலின் முதன்மைப் பொருள்கள் பின்வருமாறு:

- வரலாறு: மனிதப் பரிணாம வளர்ச்சி, பண்டைய நாகரிகங்கள், தொடக்ககாலத் தமிழ்ச் சமூகம், இடைக்கால இந்தியா, அமெரிக்க, பிரெஞ்சுப் புரட்சிகள், தொழிற்புரட்சி, ஆசிய ஆப்பிரிக்க நாடுகளில் காலனியாதிக்கம்.
- புவியியல்: நிலக்கோளம், வளிமண்டலம், நீர்க்கோளம், உயிர்க்கோளம், நிலவரைபடத் திறன்கள், பேரிடர் மேலாண்மை.
- குடிமையியல்: மக்களாட்சி, தேர்தலும் அரசியல் கட்சிகளும், மனித உரிமைகள், உள்ளாட்சி அமைப்புகள், சாலைப் பாதுகாப்பு.
- பொருளியல்: மேம்பாடு, வேலைவாய்ப்பு, பணமும் கடனும், தமிழ்நாட்டு வேளாண்மை, இடம்பெயர்தல்.

பத்தாம் வகுப்பு

2019 இல் வெளிவந்த பத்தாம் வகுப்பு நூலின் முதன்மைப் பொருள்கள் பின்வருமாறு:

- வரலாறு: இரு உலகப் போர்களும் அவற்றின் விளைவுகளும், 19 ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்த இயக்கங்கள், ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான தொடக்ககாலக் கிளர்ச்சிகள், தேசிய இயக்கம், தமிழ்நாட்டில் விடுதலைப் போராட்டம், தமிழ்நாட்டில் சமூக மாற்றங்கள்.
- புவியியல்: இந்தியாவின் நிலத்தோற்றம், காலநிலை, வேளாண்மை, வளங்கள், தொழிலகங்கள், மக்கள்தொகை, தமிழ்நாட்டின் இயற்கைப் பிரிவுகள், மானுடப் புவியியல்.
- குடிமையியல்: இந்திய அரசியலமைப்பு, நடுவண் அரசு, மாநில அரசு, வெளியுறவுக் கொள்கை.
- பொருளியல்: மொத்த உள்நாட்டு உற்பத்தி, உலகமயமாதல், உணவுப் பாதுகாப்பு, வரிகள், தமிழ்நாட்டின் தொழில்துறைத் தொகுப்புகள்.

இரு வகுப்புகளையும் ஒப்பிட்டால், உள்ளாட்சி, தேர்தல், மனித உரிமை, கடன், இடம்பெயர்தல் போன்று நாள்தோறும் எதிர்கொள்ளும் செய்திகள் பலவும் ஒன்பதாம் வகுப்பில் அமைந்திருப்பதைக் காணலாம். அரசுப் பொதுத்தேர்வு பத்தாம் வகுப்புப் பாடங்களில் இருந்து மட்டுமே நடத்தப்படுகின்றது.

தேர்வு முறை

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகின்றது. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடங்கள், பாடத்திற்கு 100 வீதம் மொத்தம் 500 மதிப்பெண்கள். தேர்ச்சிக்கு ஒவ்வொரு பாடத்திலும் 35 மதிப்பெண் தேவை. அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. சமூக அறிவியலில் 100 மதிப்பெண்களும் எழுத்துத் தேர்வுக்கே உரியவை.

புதிய பாடநூலுக்கு ஏற்ப அமைந்த வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண் வினாக்களில் 10, ஐந்து மதிப்பெண் வினாக்களில் 10, எட்டு மதிப்பெண் வினாக்களில் 2 ஆகியவற்றுக்கு விடையளிக்க வேண்டும். இந்திய, தமிழ்நாட்டு நிலவரைபடங்களில் இடங்களைக் குறித்தலும், காலக்கோடு வரைதலும் இப்பாடத்தின் சிறப்புக் கூறுகள்.

இவ்வாறு எழுத்துத் தேர்வு மட்டுமே உள்ளதால் கள ஆய்வு, ஊர் வரலாறு தொகுத்தல், ஊராட்சிக் கூட்டத்தைப் பார்வையிடுதல் போன்ற செயல்பாடுகளுக்குப் பொதுத்தேர்வில் மதிப்பெண் இல்லை.

வட்டாரமும் பாடமும்

சமூக அறிவியல் நூலில் மாநிலத்திற்கோ நாட்டிற்கோ பொதுவாகக் கூறப்படும் பல கருத்துகளுக்குச் சேலம், நாமக்கல் பகுதியிலேயே எடுத்துக்காட்டுகள் உள்ளன. அவற்றுள் சில இங்கு தரப்படுகின்றன.

ரயத்துவாரி முறை

1792 ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாரமகாலையும் சேலம் பகுதியையும் ஆங்கிலேயக் கிழக்கிந்திய நிறுவனத்திற்கு விட்டுக்கொடுத்தார். அப்பகுதியின் நிர்வாகத்தை ஏற்ற அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்களுள் ஒருவரான தாமசு மன்றோவும் நிலங்களை அளந்து, இடைத்தரகர் இன்றி உழவரிடமே நேரடியாக வரி தண்டும் முறையை இங்கு வளர்த்தெடுத்தனர். மன்றோ 1820 இல் சென்னை மாகாண ஆளுநரான பின் இம்முறை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் விரிவுபடுத்தப்பட்டது. நிலவரி முறைகளைப் பற்றிய பாடத்தில் மாணவர்கள் படிக்கும் ரயத்துவாரி முறையின் தொடக்கக் களம் இப்பகுதி என்பது குறிப்பிடத்தக்கது.

தொடக்ககாலக் கிளர்ச்சிகள்

கொங்கு நாட்டில் ஆங்கிலேயரை எதிர்த்த தீரன் சின்னமலை 1805 சூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். சங்ககிரி இன்று சேலம் மாவட்டத்தில் உள்ளது. கோட்டை அமைந்த குன்று ஊரில் இருந்தே தெரியக்கூடியது.

விடுதலைப் போராட்டமும் சமூக மாற்றமும்

1920 இல் நாக்பூரில் நடைபெற்ற இந்தியத் தேசிய காங்கிரசு மாநாட்டுக்குத் தலைமை வகித்த சே. விசயராகவாச்சாரியார் சேலத்தில் வழக்கறிஞராக இருந்தவர். சி. இராசகோபாலாச்சாரி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகப் பணியாற்றினார். அவர் 1925 இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். விடுதலைப் போராட்டக் கவிஞரான நாமக்கல் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888 இல் மோகனூரில் பிறந்தார். நீதிக்கட்சி 1944 ஆகஸ்டில் சேலம் மாநாட்டில் திராவிடர் கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பத்தாம் வகுப்பின் கடைசி இரு வரலாற்றுப் பாடங்களோடு இவை அனைத்தும் தொடர்புடையவை.

மதுவிலக்கும் விற்பனை வரியும்

நான்கு துறைகளும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதை விளக்க இது தக்க எடுத்துக்காட்டு. இராசகோபாலாச்சாரி சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தபோது 1937 அக்டோபர் 1 அன்று அன்றைய சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கண்ட மாவட்டம் இதுவே. கள், சாராயத்தின் மீதான ஆயத்தீர்வை அரசின் பெரிய வருவாய்களுள் ஒன்றாக இருந்ததால், அதன் இழப்பை ஈடுசெய்யப் புதிய வருவாய் தேவைப்பட்டது. 1939 இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. விற்பனை வரி பின்னர் மாநில அரசுகளின் முதன்மை வருவாயாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2007 இல் மதிப்புக் கூட்டு வரியும், 2017 சூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரியும் அதன் இடத்தைப் பிடித்தன. மதுவிலக்கு வரலாற்றுப் பாடத்திலும், வரி பொருளியல் பாடத்திலும், வரி விதிக்கும் அதிகாரம் நடுவணுக்கும் மாநிலத்துக்கும் இடையே பகிரப்படுதல் குடிமையியல் பாடத்திலும் வருகின்றன. தனித்தனியே மனப்பாடம் செய்யும் மாணவருக்கு இவை மூன்று செய்திகள். சேர்த்துப் படிப்பவருக்கு ஒரே நிகழ்வின் தொடர்ச்சி.

நிலமும் நீரும்

மேட்டூர் அணை 1925 முதல் 1934 வரை கட்டப்பட்டது. இதன் நீர்த்தேக்கம் அன்றைய ஆளுநரின் பெயரால் இசுட்டான்லி நீர்த்தேக்கம் எனப்படுகின்றது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி. அணை சேலம் மாவட்டத்தில் இருந்தாலும் அதன் பெரும் பாசனப் பரப்பு காவிரிப் படுகை மாவட்டங்களில் உள்ளது. சமவெளியின் உட்பகுதி உழவர்களில் பலர் கிணற்று நீரையும் ஏரிகளையும் நம்பியே பயிர் செய்கின்றனர். ஓர் ஆற்றின் நீர் யாருக்கு உரியது என்ற வினாவைப் பாடநூலுக்கு வெளியே எழுப்ப இதுவே போதுமானது.

கிழக்குத் தொடர்ச்சி மலைகள் தொடர்ச்சியற்ற குன்றுகளாக அமைந்துள்ளன என்பது பாடநூல் செய்தி. சேர்வராயன் மலை, கொல்லிமலை, கல்வராயன் மலை, பச்சைமலை ஆகியவை இடையிடையே சமவெளி விட்டு நிற்பதை இப்பகுதி மாணவர்கள் நேரிலேயே காண்கின்றனர். சேலத்தை அடுத்த சுண்ணாம்புக் கரடுகளில் கிடைக்கும் வெள்ளைக்கல், அதாவது மாக்னசைட்டு, கனிம வளங்கள் பற்றிய பாடத்தில் இடம்பெறும் ஒன்று.

தொழில்துறைத் தொகுப்புகள்

ஒரே வகைத் தொழில்கள் ஒரு வட்டாரத்தில் செறிந்து, மூலப்பொருள், திறன், கடன், சந்தை ஆகியவற்றைப் பகிர்ந்து வளர்வது தொழில்துறைத் தொகுப்பு எனப்படும். நாமக்கல்லின் கோழிப்பண்ணைகள், லாரிகள், கூண்டு கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள், குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆகிய ஊர்களின் விசைத்தறிகள், சேலத்தின் வெள்ளிக் கொலுசு, பட்டு நெசவு, மரவள்ளிக் கிழங்கில் இருந்து சவ்வரிசி எடுக்கும் ஆலைகள் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். சவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவு விற்பனைச் சங்கமான சேகோசர்வ் 1981 இல் சேலத்தில் அமைக்கப்பட்டது. இத்தொழில்களில் ஈடுபடுவோரின் பிள்ளைகள் பலர் இதே பாடத்தை வகுப்பறையில் படிக்கின்றனர்.

மக்கள்தொகையும் பாலின விகிதமும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்ட மக்கள்தொகை 34,82,056. நாமக்கல் மாவட்ட மக்கள்தொகை 17,26,601. நாமக்கல் 1997 இல் சேலத்தில் இருந்து பிரிக்கப்பட்ட மாவட்டம். பெண் சிசுக்கொலையைத் தடுக்கும் நோக்குடன் தமிழ்நாடு அரசு 1992 இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. பாலின விகிதம் என்பது பாடநூலில் ஓர் எண்ணாக வருகின்றது. அந்த எண் எவ்வாறு குறைகின்றது என்பதை இம்மாவட்டத்தின் அண்மைக்கால வரலாறு காட்டுகின்றது.

மேல்நிலை வகுப்புகளில்

பதினோராம் வகுப்பில் மாணவர்கள் மொழிப்பாடம், ஆங்கிலம் ஆகியவற்றுடன் நான்கு சிறப்புப் பாடங்கள் அடங்கிய பிரிவு ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றனர். சமூக அறிவியலின் நான்கு பகுதிகளும் இங்கு தனித்தனிப் பாடங்களாகின்றன.

- கலைப்பிரிவில் வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், புவியியல் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன.
- வணிகப்பிரிவில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகியவற்றுடன் வரலாறு அல்லது கணினிப் பயன்பாடுகள் போன்ற பாடம் சேர்கின்றது.
- அறிவியல் பிரிவுகளில் இவற்றுள் எதுவும் பொதுவாக இடம்பெறுவதில்லை.

பதினோராம் வகுப்பு வரலாற்று நூல் தொல்பழங்காலம் முதலான இந்திய வரலாற்றையும், பன்னிரண்டாம் வகுப்பு நூல் இந்தியத் தேசிய இயக்கத்தையும் நவீன உலக வரலாற்றையும் கூறுகின்றன. எல்லாப் பள்ளிகளிலும் கலைப்பிரிவு இருப்பதில்லை. அரசுப் பள்ளிகளும் உதவி பெறும் பள்ளிகளுமே இப்பிரிவைப் பெரிதும் நடத்துகின்றன. தனியார் உண்டு உறைவிடப் பள்ளிகள் பெரும்பாலும் உயிரியல், கணினி அறிவியல் சார்ந்த பிரிவுகளையே முதன்மையாகக் கொண்டுள்ளன.

மதிப்பெண் போட்டியின் தாக்கம்

தமிழ்நாட்டில் தொழிற்கல்விச் சேர்க்கைக்கு 1984 முதல் மாநில நுழைவுத் தேர்வு நடத்தப்பட்டது. 2007 சேர்க்கை முதல் அது நீக்கப்பட்டு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களே மருத்துவ, பொறியியல் இடங்களைத் தீர்மானித்தன. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களின் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு மாநிலத்தின் எல்லாப் பகுதிகளில் இருந்தும் மாணவர்கள் வந்து சேர்ந்ததற்கு இம்மதிப்பெண்கள் முதன்மைக் காரணமாயின.

இப்போட்டியின் விளைவாகத் தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களும், ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடங்களும் நடத்தப்படுகின்றன என்ற குறை கல்வியாளர்களால் தொடர்ந்து சுட்டிக்காட்டப்பட்டது. இதைத் தவிர்க்கும் நோக்குடன் 2017-18 கல்வியாண்டு முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. பாடத்திற்கு 200 என இருந்த மதிப்பெண் 100 ஆகக் குறைக்கப்பட்டது. 2017 இலேயே மாநில, மாவட்டத் தரவரிசை வெளியிடும் வழக்கமும் கைவிடப்பட்டது. அவ்வாண்டு முதல் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின் அடிப்படைக்கு மாறியது. உயர்கல்விச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும் போதும் என 2018 இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியிடப்பட்டதைத் தொடர்ந்து, 2025-26 முதல் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டது.

இம்மாற்றங்கள் யாவும் மேல்நிலை வகுப்புகளைப் பற்றியவை. ஒன்பதாம் வகுப்பைத் தாண்டிச் செல்லும் வழக்கத்தால் சமூக அறிவியலுக்கு ஏற்படும் இழப்பு இதைவிடக் குறைவாகவே பேசப்பட்டுள்ளது. கணிதத்தில் ஒன்பதாம் வகுப்பில் விடுபட்டது பத்தாம் வகுப்புக் கணக்கில் இடர் தரும். ஆகவே அது கண்டுபிடிக்கப்பட்டுச் சரிசெய்யப்படும். உள்ளாட்சி பற்றிய பாடம் விடுபட்டால் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் எக்குறையும் தெரியாது. ஊராட்சி மன்றம் எதைச் செய்யக் கடமைப்பட்டது, கிராம சபையில் யார் பேசலாம் என்பவை அம்மாணவருக்குக் கற்பிக்கப்படாமலே போகும்.

மதிப்பெண்ணை முதன்மைப்படுத்துவோரின் தரப்பிலும் நியாயம் உண்டு. மழை பொய்த்தால் வருவாய் குன்றும் மேட்டாங்காட்டு உழவர், லாரி ஓட்டுநர், விசைத்தறித் தொழிலாளர் ஆகியோரின் குடும்பங்களுக்கு ஒரு பொறியியல் அல்லது மருத்துவ இடம் தலைமுறை மாற்றத்தைத் தரக்கூடியது. அக்குடும்பங்கள் வரலாற்றை வெறுத்து அறிவியலைத் தேர்ந்தெடுப்பதில்லை. வேலைவாய்ப்பைக் கருதியே தேர்ந்தெடுக்கின்றன.

போட்டித் தேர்வுகளில் பயன்பாடு

பள்ளியில் விடப்பட்ட இப்பாடம் பின்னர் வேலைக்கான தேர்வில் மீண்டும் வருகின்றது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தொகுதி 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் முதலிய பணிகளுக்கு இத்தேர்வு நடத்தப்படுகின்றது. 200 வினாக்களில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு தொடர்பானவை. பொது அறிவுப் பகுதியில் இந்திய வரலாறு, புவியியல், அரசியலமைப்பு, பொருளாதாரம், தமிழ்நாட்டின் சமூக அரசியல் இயக்கங்கள் ஆகியவை அடங்குகின்றன.

இதற்குப் படிப்போர் ஆறாம் வகுப்பு முதலான சமூக அறிவியல் நூல்களையே முதன்மை நூல்களாகக் கொள்கின்றனர். பொறியியல் பட்டம் பெற்ற பின்னரும் பலர் நூலகங்களிலும் பயிற்சி மையங்களிலும் பத்தாம் வகுப்பு நூலை மறுபடியும் படிக்க வேண்டியுள்ளது. சட்டம், இதழியல், குடிமைப்பணி ஆகியவற்றிலும் இவ்வறிவு அடிப்படையாகும்.

ஆசிரியர்கள்

உயர்நிலை வகுப்புகளில் வரலாறு, புவியியல் போன்ற பாடங்களில் பட்டமும் கல்வியியல் பட்டமும் பெற்ற பட்டதாரி ஆசிரியர்கள் சமூக அறிவியலைக் கற்பிக்கின்றனர். தமிழ்நாட்டில் 2012 முதல் நடத்தப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில், இப்பாட ஆசிரியர்களுக்கு 150 இல் 60 மதிப்பெண்கள் சமூக அறிவியலுக்கு உரியவை.

ஆசிரியர் ஒருவர் தாம் படித்த ஒரு துறையில் மட்டுமே பட்டம் பெற்றிருக்க, நான்கு துறைகளையும் அவரே நடத்த வேண்டியுள்ளது. வரலாறு படித்தவர் வளிமண்டலத்தையும், புவியியல் படித்தவர் பிரெஞ்சுப் புரட்சியையும் கற்பிக்கின்றனர். பள்ளிகளில் அமைக்கப்பட்டுள்ள தொன்மைப் பாதுகாப்பு மன்றம், நுகர்வோர் மன்றம் போன்றவை வகுப்பறைக்கு வெளியே இப்பாடத்தைக் கொண்டுசெல்ல உதவுகின்றன. நாமக்கல் மலைக்கோட்டையும் அதன் குடைவரைக் கோயில்களும், சங்ககிரிக் கோட்டையும், மேட்டூர் அணையும் ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் உள்ள கள ஆய்வு இடங்கள்.

உயர்கல்வி வாய்ப்புகள்

சேலம் அரசு கலைக் கல்லூரி, நாமக்கல் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி முதலியவை இப்பகுதியில் உள்ள அரசுக் கல்லூரிகள். இவை 1997 இல் சேலத்தில் நிறுவப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. கலைப்பிரிவில் மேல்நிலைக் கல்வி முடித்தோர் வரலாறு, பொருளியல் போன்ற பட்டப் படிப்புகளில் சேரலாம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர எந்தப் பாடப்பிரிவும் தடையன்று.

பிற நாடுகளில்

இலங்கையில் முன்னர் சமூகக் கல்வியும் வரலாறும் என ஒரே பாடமாக இருந்தது. பின்னைய சீர்திருத்தத்தில் க.பொ.த. சாதாரண தரத்தில் வரலாறு தனிக் கட்டாயப் பாடமாக ஆக்கப்பட்டது. புவியியலும் குடியியற் கல்வியும் விருப்பப் பாடங்களாயின. சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியின் மேல் வகுப்புகளுக்குச் சமூகக் கல்வி 2001 இல் கட்டாயப் பாடமாக அறிமுகமானது. ஐக்கிய அமெரிக்காவில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளிலும் மாணவர்கள் தம் நாட்டு வரலாறு, அரசாங்கம் ஆகிய பாடங்களைப் படிப்பது பரவலான வழக்கம். பள்ளிப் படிப்பை முடிக்க இவை பல மாநிலங்களில் தேவையாக உள்ளன. இந்தியாவில் 18 வயதில் வாக்குரிமை கிடைக்கின்றது. தமிழ்நாட்டின் அறிவியல் பிரிவு மாணவர் ஒருவர் அரசியலமைப்பைப் பள்ளியில் கடைசியாகப் படித்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்தே முதல் வாக்கைச் செலுத்துகின்றார்.

இவற்றையும் பார்க்க

- சமச்சீர் கல்வி
- சேலம் மாவட்டம்
- நாமக்கல் மாவட்டம்
- ரயத்துவாரி முறை
- மேட்டூர் அணை
- தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்